கொழுந்து கிள்ளும் மருந்து

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கி இருபத்தொரு வருடமாகிறது. இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளை எந்தக் கேள்வி கேட்டாலும் "தெரியாது" என்று நான் சொன்னதில்லை. உண்மையிலேயே தெரியாவிட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டி, மறுநாள் முதல் பாடவேளையிலேயே பதிலைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. கண்டியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சிவப்புப் பேனை'. அது என் காதுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர் பொருத்தமானதுதான். பிழையைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கடைப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்வேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் போனில் யாருக்கோ தப்பாகக் கைவைத்தியம் சொன்னால் திரும்பித் திருத்துவேன். இந்தக் குணத்தால் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் எனக்கு உறைத்ததில்லை. அதே குணம் ஒருநாள் என் அக்காவின் உயிருக்குக் குறுக்கே போய் நிற்கும் என்று மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது அவள் மட்டும்தான். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, எனக்குக் கலியாணமே ஆகவில்லை. அத்தான் அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது வயதேறிய தேயிலைச் செடிகளைத் தாழ வெட்டி மறுபடி துளிர்க்க வைக்கும் வேலை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகம் எடுப்பவரும் அவர்தான். நான் டீச்சரான நாளிலிருந்து என்னை "டீச்சரம்மா" என்பார், "நீங்க" போட்டுத்தான் பேசுவார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "டீச்சரம்மா" என்பார்.

அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் அது கக்கம் வரை எட்டிப் பார்த்திருந்தது. அதனால் எட்டுத் தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் நான்கும் ஒரு மருந்து, அடுத்த நான்கும் வேறொன்று, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. எட்டையும் முழுசாக முடித்தால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எட்டு என்ற அந்த எண்ணை நாங்கள் மூன்று பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

முதல் நாள் மருந்து ஏற்றப் போனபோது நர்ஸ் மிஸ்ஸி எங்களை உட்காரவைத்துச் சிங்களத்தில் விளக்கம் சொன்னார். அத்தானுக்குக் கடைத்தெருச் சிங்களம் நன்றாக வரும், ஆஸ்பத்திரிச் சிங்களம் ஓடாது. ஆகவே நான் தமிழில் சொன்னேன். காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு குளிசையைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சொல்லி முடித்ததும் வகுப்புப் பழக்கம் விடவில்லை.

"இப்ப நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க அத்தான்."

வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, "காய்ச்சல் வந்தா ஒடனே கூட்டிட்டு வரணும்" என்று ஒப்புவித்தார். நான் "சரி" என்றேன். 'மிக நன்று' போடாததுதான் குறை.

அதற்குப் பிறகு இன்னொன்றும் செய்தேன். ஊசி குத்த அக்கா கையை நீட்டியபோது மணிக்கட்டில் மஞ்சள் தடவிய கயிறு ஒன்று கட்டியிருந்தது. அத்தான் மாரியம்மன் கோயிலில் வைத்துப் பூசை செய்து கொண்டுவந்தது. நரம்பு தேடும் மிஸ்ஸிக்கு அது பெரிய இடைஞ்சலாகக்கூட இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து வெட்டி அத்தான் கையில் கொடுத்து, "இது கோயில் இல்ல அத்தான், ஆஸ்பத்திரி. இங்க அம்மாவுக்கு வேல இல்ல" என்றேன். அவர் கயிற்றை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அன்றைக்கு அதை நான் சட்டை செய்யவில்லை.

முதல் நான்கு மருந்தில் அக்காவின் முடி கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை, கால் தள்ளாடியது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் கண்டியில் என் வீட்டில் தங்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போவாள். ஐந்தாம் தடவை மருந்து மாறியது. புது மருந்துப் பை கம்பியில் தொங்கிச் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியபோது அக்கா கேட்டாள்.

"டீச்சரே, இது என்னாதான் செய்யுது உள்ள போயி?"

கேட்டது யாரிடம்? இருபத்தொரு வருடமாக இழையுருப்பிரிவைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து கை தேய்ந்தவளிடம். வெங்காய வேர் நுனியை நசுக்கிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஒரு கலம், அதாவது செல், இரண்டாவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் எனக்கு இன்றைக்கும் சலிப்பு வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து வட்டம் போட்டேன்.

நம் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கலங்கள். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அது எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதிவைத்த நூல்கள் உண்டு, நிறமூர்த்தங்கள் என்று நாங்கள் படிப்பிக்கிறவை. ஒரு கலம் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் அந்த நூல்களைப் பிரதி பண்ணி இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பிறகு அவற்றை நடுவில் வரிசையாக நிறுத்தும். இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய நார்கள் வந்து ஆளுக்கொரு பிரதியைப் பிடித்துத் தம் பக்கம் இழுக்கும். இழுபட்ட பிறகுதான் நடுவில் இடுங்கிக் கலம் இரண்டாகும். அந்த நார்கள் நீண்டுகொண்டும் குறுகிக்கொண்டும் இருந்தால்தான் இழுக்க முடியும். இந்த மருந்து போய் நார்களைப் பிடித்து இறுக்கிவிடும். நீண்டது குறுகாது. நூல்கள் நடுவில் நின்றது நின்றபடியே இருக்கும். கலத்தால் முன்னால் போகவும் முடியாது, பின்னால் திரும்பவும் முடியாது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டுச் செத்துப்போகும்.

அக்கா கடுதாசியை வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டது எது, நல்லது எதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"இல்லக்கா. எது பிரியுதோ அதப் பிடிக்கும். புத்துநோய் வேகமாப் பிரியும், அதனால அது நிறைய மாட்டும். ஆனா முடி வேரும் வேகமாப் பிரியுது. வாய்க்குள்ள தோலு, குடலு, ரத்தம் ஊறுற இடம், எல்லாம் பிரியிறதுதான். அதுகளும் மாட்டும்."

"அட, கொழுந்து கிள்ற மாதிரிதானே" என்றாள் அக்கா. "துளிர் விட்டத மட்டும் கிள்ளிட்டுப் போயிருவோம். முத்துன எலையத் தொட மாட்டோம். அப்ப இன்னும் துளிர்க்காம தூங்கிக்கிட்டு இருக்கே மொட்டு, அது?"

எனக்குப் புல்லரித்தது. பல்கலைக்கழக வளாகத்தில் படித்துவிட்டு வந்த ஆசிரியர்களே கேட்காத கேள்வி.

"அது தப்பிச்சிரும். மருந்து போற நேரத்துல பிரியாம சும்மா இருக்குற கலத்த இது ஒண்ணும் செய்யாது. அதனாலதான் மூணு வாரத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்பக் குடுக்குறாங்க."

"ரவுண்டு" என்று அக்கா சிரித்தாள். கொழுந்து பறிக்கிறவர்கள் பறித்த மலைக்கே ஒரு வாரத்தில் மறுபடி வருவதற்கு அப்படித்தான் பெயர். "ஒரு ரவுண்டுல எந்த மலையும் முடியாது. சரி, இன்னும் மூணு ரவுண்டு."

மருந்து எதிலிருந்து வருகிறது என்றும் கேட்டாள். குளிர் நாட்டில் வளரும் ஊசியிலை மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுத்து, பிறகு மருந்துச்சாலையில் மாற்றிச் செய்வது என்றேன். "எலையிலேருந்தா? அப்ப எவளோ ஒருத்தி நின்னு கிள்ளியிருப்பா" என்றாள். ஊசி குத்தியிருந்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொழுந்துக் கறை படிந்து விரல் நுனி கறுத்துப்போன கை.

அத்தான் கதிரையின் ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவரிடம் விளங்குகிறதா என்று கேட்கவில்லை. வாயில் புண் வரலாம், பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று மட்டும் இருவருக்கும் பொதுவாகச் சொன்னேன். இந்த மருந்துக்குத் தோலில் தடிப்பும் சிவப்புமாக எழும்பலாம் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல விட்டுப்போயிற்று. நார்களைப் பற்றிப் பேசிய உற்சாகத்தில் விட்டுப்போயிற்று.

ஆறாவது ரவுண்டு ஒரு வியாழக்கிழமை. அன்று அக்கா என் வீட்டில் தங்கவில்லை. தோட்டத்தில் திருவிழா நெருங்கியிருந்தது. அத்தான் கரகம் எடுப்பதைக் கலியாணம் கட்டிய வருடத்திலிருந்து ஒரு தடவைகூட அவள் பார்க்கத் தவறியதில்லை. "இந்த மண்டையோட போயி நிக்கப்போறேன், அம்மாவே பயந்துக்குவா" என்று வழுக்கைத் தலையைத் தடவிச் சிரித்தாள். நான் மறிக்கவில்லை. எனக்கும் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் கட்டுக்கட்டாகத் திருத்தக் கிடந்தன. உண்மையைச் சொல்வதானால், போகட்டும் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

மறு வியாழக்கிழமை எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரின் தகப்பன் இறந்துபோய், செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வழக்கம்போல அத்தானுக்குப் போன் எடுத்தேன். செத்த வீட்டுக் கதையையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "செத்த வீட்டுக்கா போனீங்க?" என்று அத்தான் இரண்டு தடவை கேட்டார்.

"அக்கா எங்க அத்தான்? போனக் குடுங்க."

"அக்கா தூங்குது டீச்சரம்மா."

"சாப்பிடுதா? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"காய்ச்சல் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு."

சனிக்கிழமையும் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் வரட்டுமா என்று கேட்டதற்கு, "இந்த வாரம் வர வேணாங்க, அடுத்த வாரம் வாங்க" என்றார். அத்தான் என்னை வர வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு விடைத்தாளை எடுத்தேன். நான்காவது தாளில் ஒரு பிள்ளை கலம் பிரிகிற படத்தில் நார்களை வரைய மறந்திருந்தாள். சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். வட்டமிட்ட கையோடு பேனையை மூடிவைத்துவிட்டுப் பையில் உடுப்பை எடுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பேராதனையும் கம்பளையும் தாண்டிப் புசல்லாவை டவுனில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போய், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் படிகளில் ஏறும்போதே கண்ணில் பட்டது. அக்கா வீட்டு வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

எங்கள் ஆட்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் அம்மா வந்திருக்கிறாள். உடம்பில் முத்து முத்தாக எழும்பினால் அதை நோய் என்று சொல்லவே கூடாது, அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். மருந்து கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது, அடுப்பில் தாளிக்கக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, செத்த வீட்டுக்குப் போனவர் அந்த வாசலை மிதிக்கவே கூடாது. வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, இளநீரும் கூழும் கொடுத்து, மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை மரியாதையாக அனுப்பிவைக்க வேண்டும். நானும் அதே லயத்தில் பிறந்தவள்தான். ஏழு வயதில் என்னையும் அப்படித்தான் கிடத்தியிருந்தார்கள்.

நான் செருப்போடு உள்ளே ஓடினேன்.

அக்கா காம்பரா அறையில் மஞ்சள் சேலைமேல் கிடந்தாள், சுற்றிலும் வேப்பிலை. கைகளிலும் கழுத்திலும் சிவப்பாகத் தடித்து எழும்பியிருந்தது. உதடு தோலுரிந்து, வாய்க்குள் முழுக்கப் புண். நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. அத்தான் அவள் காலடியில் உட்கார்ந்து வேப்பிலையால் மெல்ல வீசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழும்பினார்.

"சத்தம் போடாதீங்க டீச்சரம்மா. அம்மா இருக்கா."

"எத்தன நாளா?"

"வியாழக்கெழம பொழுதுபட வந்தா."

"காய்ச்சல் வந்தா ஒடனே கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேனே! திருப்பிச் சொல்ல வச்சேனே!" நான் கத்தினேன். லயத்து ஆட்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள், ஆனால் ஒருவரும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

அத்தான் என்னை உண்மையாகவே விளங்காமல் பார்த்தார்.

"இது காய்ச்சல் இல்லீங்களே. முத்து போட்டிருக்கே. காய்ச்சலா இருந்தா நான் தூக்கிட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா?"

அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. போனில் சொன்னதும் பொய்யில்லை. நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் அவர் கேட்டு நடந்திருக்கிறார். காய்ச்சல் வந்தால் கொண்டுவா என்றேன், காய்ச்சல் வரவில்லை, அம்மா வந்தாள். அதுவும் அவர் கரகம் எடுக்கப்போகிற மாதத்தில் வந்திருக்கிறாள். இதில் என்னைக் கேட்க என்ன இருக்கிறது? கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. அம்மாவுக்கு இங்கே வேலை இல்லை என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்னவள் நான்தானே.

வான் பிடித்து அக்காவைக் கண்டிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் தலை, அத்தான் மடியில் கால். வளைவுகளில் வான் திரும்பும்போதெல்லாம் அக்கா முனகினாள். கம்பளை தாண்டிய பிறகு கண்ணைத் திறந்து, வாய்ப் புண்ணோடு மெல்லச் சொன்னாள்.

"அவர ஏசாத. பாவம், வேப்பிலைக்காக மாத்தளை வரைக்கும் போயிட்டு வந்தாரு."

எங்கள் தோட்டம் இருக்கும் குளிரில் வேம்பு வளராது. வெள்ளிக்கிழமை விடிய அவர் பஸ் ஏறியிருக்கிறார். கண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மாத்தளைப் பஸ் பிடித்துப் போய், யாரோ ஒருவர் வீட்டு வளவில் கேட்டு ஒரு சாக்கு நிறைய வேப்பிலை ஒடித்துக்கொண்டு, மறுபடி கண்டிக்கு வந்து அந்தச் சாக்கோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறார். அவர் நின்ற இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாம். என் பாடசாலைக்கும் நடந்து வரலாம். அந்த நேரம் நான் வகுப்பில் நின்று படிப்பித்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருக்கிறது. யாரை அடிப்பது?

வாட்டில் ஓர் இளம் பெண் டாக்டர் பார்த்தார். அம்மையே இல்லை என்றார். தோலில் எழும்பியிருப்பதும் வாயில் புண்ணும் மருந்தினால் வந்தவை. காய்ச்சல் வேறு. இரத்தத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளைக் கலங்கள் அனேகமாக இல்லாமலே போய்விட்டன. அவற்றை உண்டாக்கும் எலும்பு மச்சையும் வேகமாகப் பிரிகிற இடம்தான், மருந்து அதையும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு ரவுண்டிலும் அப்படித்தான் கொஞ்ச நாள் குறைந்து பிறகு ஊறும். குறைந்திருக்கும் அந்த நாட்களுக்குள் கிருமி நுழைந்துவிட்டது. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். "என்னவாம் டீச்சரம்மா? நானு அம்மாவப் பாதியில எழுப்பிட்டு வந்துட்டேன்னு பயமா இருக்கு" என்றார். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். "கிருமி தொத்தியிருக்காம். மருந்து ஏத்துறாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஐந்து நாள். கிருமிக்கு மருந்து போனது. எலும்பு மச்சையை ஊக்குவிக்கத் தனியாக ஓர் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு காலையும் இரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள், பகலில் ரிப்போர்ட் வரும். எனக்கு வாசிக்கத் தெரியும். அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. அத்தானுக்கு அது ஒரு கடுதாசி, எனக்கு அது ஒவ்வொரு எண்ணாகத் தெரிந்தது. வெள்ளைக் கலங்கள் இல்லை. மறுநாளும் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

ஐந்தரை மாதமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், அக்காவின் உடம்பில் அந்தப் பாழாய்ப்போன கலங்கள் பிரியக் கூடாது என்று. இப்போது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் இடுப்பெலும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, பிரி, பிரி, பிரி என்று முணுமுணுத்தேன். மச்சை அங்கேதான் அதிகம். ஒரு கலம் இரண்டாக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நூல்கள் எங்கே நிற்கும், நார்கள் எப்படிப் பிடிக்கும், எல்லாம் தெரியும். கண்ணை மூடினால் படமாகவே தெரிந்தது. ஒரேயொரு கலத்தைக்கூட என்னால் தள்ளிவிட முடியவில்லை. கோயில் வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்து அவ்வளவு கேலி பேசியிருக்கிறேனே, அந்த ஐந்து நாளும் நான் செய்தது வேறென்ன?

நான்காம் நாள் அக்கா கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அத்தான் பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தார். அவரிடம் ஏதோ சைகை காட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த மஞ்சள் கயிற்றை எடுத்தார். நான் வெட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. இத்தனை மாதமும் ஒவ்வொரு தடவை மருந்துக்கு வரும்போதும் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். அவர் என்னைப் பார்த்தார். நானே வாங்கி அக்காவின் கையில் கட்டினேன். "இன்னும் ரெண்டு ரவுண்டு" என்று அக்கா என்னிடம் இரண்டு விரலைக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் போய்விட்டாள்.

அத்தானை ஒரு கதிரையில் உட்காரவைத்துவிட்டு நான் கையெழுத்துப் போடுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். மிஸ்ஸி அவளுடைய கோப்பில் எதையோ செருகினார். அன்று காலை எடுத்த இரத்தத்தின் ரிப்போர்ட். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். வெள்ளைக் கலங்கள் ஏறியிருந்தன. நிறைய இல்லை, ஆனால் முந்தின நாளைவிடத் தெளிவாக ஏறியிருந்தன. மச்சை பிரியத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் கிடைத்திருந்தால் போதும். அந்தக் கடுதாசியைத் திரும்பக் கோப்பிலேயே வைத்துவிட்டேன், அத்தானிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு நானும் அத்தானும் மட்டும் காம்பராவில் உட்கார்ந்திருந்தோம். அந்த வருடம் அவர் கரகம் எடுக்கவில்லை. பதினாறு நாளில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். தோட்டத்தில் சிலர், ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் என்று அவர் காதுபடவே பேசத் தொடங்கியிருந்தார்கள். என் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. உண்மையச் சொல்லுங்க. வந்தது அம்மாதானே?"

டாக்டர் சொன்னது நினைவிருந்தது. ரிப்போர்ட்டில் இருந்த எண்கள் நினைவிருந்தன. இல்லை என்று நான் சொன்னால், மாத்தளையிலிருந்து அவர் சுமந்து வந்த வேப்பிலைச் சாக்கை இனிச் சாகும் வரை இறக்கிவைக்க முடியாது.

"ஆமா அத்தான்" என்றேன். "அம்மாதான்."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, அன்று முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டார்.

"அப்ப ஏங்க அவ போகும்போது இவளையும் கூட்டிட்டுப் போனா? நான் கொறை ஒண்ணும் வைக்கலையே."

இருபத்தொரு வருடமாக எவரிடமும் சொல்லாத சொல்லை அத்தானிடம் சொன்னேன்.

"தெரியல அத்தான்."